மகள் வயதுக்கு வந்துவிட்டாள். ஜிம்னாஸ்டிக்ஸை நிறுத்தச் சொல்கிறார்கள்

பர்கூர் ஜவுளிக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்கூரில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. சிறு வயதிலிருந்தே ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்கிறாள். சனி, ஞாயிறுகளில் கிருஷ்ணகிரி போய் அங்கிருந்து ஓசூருக்கு பஸ். மற்ற நாட்களில் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் பழைய மெத்தைகளைப் போட்டுப் பயிற்சி செய்கிறாள். கடந்த ஆண்டு பள்ளி அளவிலான போட்டிகளில் வால்ட்டில் (ஓடிவந்து மேசைமேல் கை ஊன்றித் தாண்டுவது) முதலிடம், ஃப்ளோரில் (தரை ஆட்டம்) இரண்டாம் இடம். பீமில்தான் (குறுகலான கட்டைமேல் ஆடுவது) விழுந்துவிடுகிறாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் வயதுக்கு வந்தாள். தாய்மாமன் ஓலை கட்டி, சீர் வைத்து, சடங்கெல்லாம் முறையாகச் செய்தோம். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு மாறிவிட்டது. அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, "இனி அந்த உடையைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் குட்டிக்கரணம் போட வேண்டாம்" என்கிறார். அதைக்கூட நான் சமாளித்துவிடுவேன். பயிற்சியாளர் சொன்னதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் இதற்குமேல் அதிக காலம் இல்லை, உடம்பு கனத்துவிடும், இன்னும் இரண்டு ஆண்டு ஓடினால் பெரிது என்கிறார். இரவுச் சாப்பாட்டைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார்.

அவர் சொல்வது உண்மையோ என்று தோன்றும்படிதான் நடக்கிறது. ஓராண்டில் மளமளவென்று உயர்ந்துவிட்டாள். தயக்கமே இல்லாமல் போட்டுக்கொண்டிருந்த பேக் டக்கில் (பின்பக்கமாகப் போடும் குட்டிக்கரணம்) இப்போது முழங்காலில் வந்து விழுகிறாள். கம்பியில் கை வழுக்குகிறது. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் வருகிறாள்.

ஒரு பெண்ணுக்கு இந்த விளையாட்டில் எத்தனை ஆண்டு வாழ்க்கை இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம்.

தருமபுரி பெரியவர் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். உடையைப் பற்றி நான் பேசவில்லை, படிப்பைப் பற்றிப் பேசுகிறேன். இன்னும் இரண்டு ஆண்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு. வாரக் கடைசி இரண்டு நாளும் பஸ்ஸிலும் பயிற்சியிலும் போனால் பிள்ளை எப்போது படிக்கும்? நம் இரண்டு மாவட்டங்களிலும் கபடிக்கும் ஓட்டத்துக்கும் மைதானம் உண்டு, பயிற்சி தர ஆள் உண்டு, வேலைவாய்ப்பும் உண்டு. முதுகெலும்பையும் முழங்காலையும் பணயம் வைக்கும் விளையாட்டை, கருவிகூட இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? பேத்திகளை வளர்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காவேரிப்பட்டணம் உடற்கல்வி ஆசிரியை எழுதியது:

அண்ணா, நிறுத்தாதீர்கள். வயதுக்கு வந்ததைக் காரணமாக வைத்து மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். இப்போது அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பள்ளிக் காலத்தில் மாநிலப் போட்டி வரை ஆடியவள். சடங்கு முடிந்த கையோடு என் ஆட்டத்தையும் முடித்துவிட்டார்கள். லியோடார்டை, அதாவது உடம்போடு ஒட்டிய அந்த ஆட்ட உடையை, அம்மா இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கல்லூரிக்குப் போன பிறகுதான் திரும்பவும் பயிற்சி மேட்டில் (மெத்தை) கால் வைத்தேன், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி வரை போனேன். அந்த இடைவெளி எதைக் கொண்டுபோனது, எதை விட்டுவைத்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அன்ஈவன் பார்ஸ், அதாவது உயரம் வேறான இரண்டு கம்பிகளில் ஆடுவது, எனக்குத் திரும்ப வரவே இல்லை. உள்ளங்கைத் தோல் மெத்தென்று ஆகிவிட்டது, தோள்கள் இறுகிவிட்டன, கிப் போட்டு, அதாவது தொங்கியபடி உடம்பை வீசிக் கம்பிக்கு மேலே ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆனால் வால்ட், பள்ளியில் ஆடியதைவிட நன்றாக வந்தது. தொடையில் அப்போதுதான் உண்மையான பலம் ஏறியிருந்தது. ஸ்பிரிங் போர்டை மிதித்தால் உடம்பு மேலே போகும் வேகமே வேறாக இருந்தது. வளர்ந்த உடம்பு என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நடுவில் நிறுத்தியதுதான் பறித்தது.

"பெண்ணுக்கு இதற்குமேல் காலம் இல்லை" என்பது இந்த விளையாட்டின் பழைய விதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹங்கேரியின் ஆக்னெஸ் கெலெட்டி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கியபோது அவருக்கு 35 வயது. சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினா 1958 உலகப் போட்டியில் கர்ப்பிணியாக இருந்தபடியே ஐந்து தங்கம் வென்றார். 1976 மாண்ட்ரியலில் 14 வயது நாடியா கோமனெச்சி முழுதாகப் பத்துப் புள்ளி வாங்கியதும் உலகமே சிறுமிகளைத் தேடிப் போனது. சின்ன உடம்பு, குறைந்த எடை, கேள்வி கேட்காத மனம், இதுதான் வேண்டும் என்று பயிற்சியாளர்கள் நினைத்தார்கள். அதனால் எத்தனையோ பிள்ளைகள் சிதைந்தார்கள். பிறகு சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு வயது வரம்பை 14இலிருந்து 15 ஆக்கியது, 1997இல் 16 ஆக்கியது. ஒரு பெண் 16 வயதைத் தொடும் ஆண்டில்தான் சீனியர் பிரிவிலேயே நுழைய முடியும். உங்கள் மகளுக்கு அதற்கே இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. வாசலுக்கே வராத பிள்ளையிடம் ஆட்டம் முடியப் போகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா 1992 பார்சிலோனாவில் தொடங்கி டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக் ஆடியவர். டோக்கியோவில் அவருக்கு 46 வயது. மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போய், அந்த நாட்டுக்காக ஆடி, 33 வயதில் பெய்ஜிங்கில் வால்ட்டில் வெள்ளி வென்றார். பாரிஸ் 2024இல் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸுக்கு 27 வயது. அங்கே ஃப்ளோரில் தங்கம் வென்ற பிரேசிலின் ரெபெகா அன்ட்ராடே முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வயது 25.

நம் நாட்டுப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கருவி இல்லாத ஊர் என்று பெரியவர் சொன்னது மனதில் நிற்கிறது. தீபா கர்மாகர் பிறந்தது திரிபுராவின் அகர்தலாவில். அது சென்னையோ பெங்களூரோ அல்ல. தட்டைப் பாதம். ஜிம்னாஸ்டுக்குத் தட்டைப் பாதம் பெரிய தடை, குதிக்கும்போது உந்து விசை குறையும். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அந்தப் பாதத்தைத் திருத்தவே நீண்ட காலம் உழைத்தார். தொடக்கத்தில் வால்ட்டுக்கான கருவியைப் பழைய ஸ்கூட்டரின் உதிரிபாகங்களைக் கொண்டு செய்துகொண்டார்கள். அங்கிருந்து 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 2016 ரியோவில், ஒலிம்பிக் ஆடிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. வால்ட் இறுதிச் சுற்றில் முதல் தாவலுக்கு 14.866, இரண்டாவதாகப் போட்ட புரொதுனோவா என்ற மிகக் கடினமான தாவலுக்கு 15.266, சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்கிரூபர் 15.216. வெறும் 0.150 புள்ளியில் நான்காம் இடம். அப்போது தீபாவுக்கு 23 வயது.

அதோடு முடிந்ததா? 2017இல் முழங்கால் தசைநார் காயம், அறுவை சிகிச்சை. 2018இல் துருக்கியின் மெர்சினில் நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில் வால்ட்டில் தங்கம். பிறகு தடைசெய்யப்பட்ட மருந்து தொடர்பாக 21 மாதத் தடை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், பிள்ளைகளுக்குச் சத்து மாத்திரை வாங்கித் தரும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. தடை 2023 ஜூலையில் முடிந்தது. 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். இந்தியாவிலிருந்து ஆணோ பெண்ணோ யாரும் அதற்கு முன் ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றதில்லை. அன்று அவருக்கு 30 வயது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஓய்வு பெற்றார். உங்கள் மகளின் பயிற்சியாளர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அந்தத் தங்கத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தீபா வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் மகள் விழுவதைப் பற்றி. பயப்படாதீர்கள், இது எல்லாப் பெண்களுக்கும் நடக்கிறது. கால் நீளும்போது அதைச் சுழற்ற முன்பைவிட அதிக பலம் வேண்டும். எலும்பு முதலில் வளர்கிறது, தசைப் பலம் சில மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்கிறது. இடுப்பு அகலும்போது உடம்பின் சமநிலை இருக்கும் இடமும் கொஞ்சம் மாறும். போன ஆண்டு உடம்புக்குப் பழகிய மூளை, இந்த ஆண்டு உடம்பைச் சுழற்றிப் பார்த்துத் திகைக்கிறது. புதுப் படி கட்டிய வீட்டில் இருட்டில் நடப்பது போலத்தான், கால் பழகும் வரை இடறும். இந்தக் காலத்தில் புதிதாக எதையும் திணிக்காமல், பயிற்சியாளர் அவளைக் கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். தரையில் போட்ட கோட்டின் மேல் பீம் ஆட்டம், பிறகு தாழ்ந்த பீம், பிறகுதான் 1.25 மீட்டர் உயரப் பீம். பேக் டக்கை ஃபோம் நிரப்பிய குழிக்குள் போடட்டும். ஓசூர் பயிற்சி இடத்தில் அந்தக் குழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தடித்த மேட்டாவது அடுக்கியிருக்க வேண்டும், பக்கத்தில் பிடிக்க ஆள் நிற்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் தலைகீழ்ச் சுழல் வேண்டவே வேண்டாம்.

மதிப்பெண் முறையும் இதற்குச் சாதகம். ஆட்டத்தின் கடினத்துக்கு ஒரு மதிப்பெண், நேர்த்திக்குப் பத்திலிருந்து கழித்துக்கொண்டு வரும் இன்னொரு மதிப்பெண். ஒருமுறை விழுந்தால் முழுதாக ஒரு புள்ளி போகும். பள்ளி அளவிலும் மாநில அளவிலும், கடினமான ஒன்றை விழுந்து விழுந்து செய்பவளைவிட எளியதை முழங்கால் மடங்காமல், பாதம் நீட்டி, அசையாமல் இறங்கிச் செய்பவள் முன்னால் நிற்பாள். இரண்டு ஆண்டு அவள் சுத்தமாக ஆடக் கற்கட்டும். கடினத்தைப் பலம் வந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அவளுக்கு வால்ட்தான் கைவந்திருக்கிறது என்கிறீர்கள். வால்ட் பலத்தின் ஆட்டம். அவளுடைய நல்ல காலம் இனிமேல்தான் வருகிறது.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் எனக்கு வரும் கோபத்தை அடக்க முடியவில்லை. 13 வயதில் வளரும் பெண்ணை இரவில் பட்டினி போடச் சொல்வது பயிற்சி அல்ல. நீங்கள் நேரில் போய், மரியாதையோடு, ஆனால் உறுதியாக, என் மகள் இரவு சாப்பிடுவாள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நம் ஊர்க் களியைவிட நல்லது எது? 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியும் கீரைக் கடைசலும், ஒரு முட்டை, கை நிறைய வேர்க்கடலை. எடை பார்க்கும் கருவியைப் பயிற்சி இடத்தில் வைத்து, எல்லோர் முன்னாலும் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள் என்றால் அந்த இடத்தையே மாற்றுங்கள்.

பர்கூர் ஜவுளிக்கடை எழுதியது:

டீச்சர், மிகவும் நன்றி. இரவு கடை சாத்தியபின் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்கச் சொன்ன இரண்டு விஷயங்கள். ஒன்று, உடை. மாதவிலக்கு நாட்களில் அந்த உடையில் ஆட மாட்டேன் என்று மகளே சொல்கிறாள். இரண்டு, வலது மணிக்கட்டில் வலி என்கிறாள். கையை ஊன்றும்போது பெருவிரல் பக்கம் குத்துகிறதாம். பயிற்சியாளர் துணி சுற்றிக்கொண்டு செய்யச் சொன்னார்.

பெரியவருக்கு: ஐயா, கோபம் ஒன்றும் இல்லை. படிப்பைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. பஸ்ஸிலேயே பாடம் படித்துவிடுகிறாள், அரையாண்டில் மதிப்பெண் குறையவில்லை.

பிசியோதெரபி, தருமபுரி எழுதியது:

மணிக்கட்டைப் பற்றி நான் சொல்கிறேன். துணி சுற்றிக்கொண்டு தொடர வேண்டாம். இந்த வயதில் முன்கை எலும்பின் நுனியில், மணிக்கட்டை ஒட்டி, வளர்ச்சித் தகடு இன்னும் மூடாமல் மென்மையாக இருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் உடம்பின் முழு எடையும் திரும்பத் திரும்ப மடங்கிய மணிக்கட்டில் இறங்குகிறது. நீங்கள் சொல்லும் பெருவிரல் பக்க வலி அந்தத் தகட்டில் ஏற்படும் பாதிப்பாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். வலியில்லாத கையையும் சேர்த்து எடுத்தால் ஒப்பிட வசதி. அதுவாகவே இருந்தால் கையில் எடை இறங்கும் எதையும் சில வாரங்கள் நிறுத்த வேண்டும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி நின்று, பக்கத்து எலும்பு நீண்டு, வாழ்நாள் முழுக்கத் தொல்லை தரும்.

இன்னொன்று, அம்மாவிடம் சொல்லுங்கள். தொடக்கத்தில் மாதவிலக்கு முன்பின்னாக வரும், அது இயல்பு. ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் அதை விளையாட்டுக்காரிகளுக்கு வழக்கம்தான் என்று விட்டுவிடக் கூடாது. பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கவில்லை என்று உடம்பு சொல்லும் செய்தி அது. அப்படியே விட்டால் எலும்பு வலுவிழந்து, சின்ன அடிக்கே விரிசல் விடும்.

காவேரிப்பட்டணம் உடற்கல்வி ஆசிரியை எழுதியது:

பிசியோதெரபி நண்பருக்கு நன்றி. நான் எழுத நினைத்ததைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

உடைக்கு வருகிறேன். விதிமுறையிலேயே கணுக்கால் வரை மூடிய முழுநீள உடைக்கு அனுமதி இருக்கிறது. 2021 ஏப்ரலில் பாசெல் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஜெர்மனியின் சாரா ஃபோஸ் அப்படி உடுத்தி ஆடினார். அந்த ஆண்டு டோக்கியோவில் ஜெர்மன் அணியே முழுநீள உடையில் வந்தது. எங்கள் உடம்பு, எது வசதி என்று நாங்கள் முடிவு செய்கிறோம் என்றார்கள். அதற்காகப் புள்ளி குறையவில்லை. துணி உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் கம்பியில் சிக்கும், முழங்கால் நேராக இருக்கிறதா என்று நடுவருக்கும் தெரியாது. நீங்களே துணிக்கடைக்காரர். நீளும் துணி எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கு இன்றே கணுக்கால் வரை தைத்துக் கொடுங்கள். உள்ளூர்ப் போட்டிக்கு முன்னால் நடத்துபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், எல்லா நடுவர்களுக்கும் இந்த விதி நினைவில் இருக்காது.

ஆயாவுக்கும் இதுவே பதில். அவரை எதிர்த்துப் பேசாதீர்கள் அண்ணா. என் அம்மா பெட்டியைப் பூட்டியது என்மேல் இருந்த வெறுப்பினால் அல்ல, ஊர் வாய்க்குப் பயந்து. உடை மாறினால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும். மீதிக்கு, ஒருமுறை அவரையே ஓசூருக்கு அழைத்துப் போய் உட்கார வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டில் பயிற்சி தருபவர் பிள்ளையின் இடுப்பையும் தொடையையும் பிடித்துத்தான் கற்றுத்தர முடியும். ஆகவே எது பிடிப்பது, எது தவறாகத் தொடுவது என்று அவளுக்கு அம்மா தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லேரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சிறுமிகளைச் சீரழித்தான். 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசினார்கள். அவர்களில் பலர் முன்பே சொன்னவர்கள், பெரியவர்கள் காதில் வாங்கவில்லை. பயிற்சிக் கூடத்தின் கதவு திறந்திருக்க வேண்டும், எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் உள்ளே வந்து உட்காரலாம் என்ற நிலை இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அம்மாவோ பெண் பொறுப்பாளரோ உடன் போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

பெரியவர் கேட்ட வேலைவாய்ப்புக்கும் ஒரு வரி: தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ்களின் அசலைப் பத்திரமாக வையுங்கள். எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதைக் கிருஷ்ணகிரியில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், சில தனியார் போட்டிகளின் சான்றிதழ் எங்கும் செல்லாது.

ஓசூர் அம்மா எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லையே. என் மகளும் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவள். 15 வயதில் அவளாகவே போதும் என்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. இப்போது கோலூன்றித் தாண்டுகிறாள். உயரமும் கைப்பலமும் அங்கே உதவுகின்றன. உலக சாதனையாக 5.06 மீட்டர் தாண்டிய ரஷ்யாவின் இசின்பயேவாவும் 15 வயது வரை ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடி, உயரம் கூடியதால் இந்தப் பக்கம் வந்தவர்தான். டீச்சர் சொல்வதுபோல் வயதுக்கு வந்ததற்காக நிறுத்த வேண்டாம். அதேபோல் அப்பாவின் ஆசைக்காகத் தொடரவும் வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் பிள்ளையிடம் ஒரு நாள் நேராகக் கேட்டுவிடுங்கள்.

பர்கூர் ஜவுளிக்கடை எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு நேற்று இரவே கேட்டேன். நிறுத்த வேண்டும் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லையாம். பேக் டக் வராததால் நாங்களே நிறுத்திவிடுவோம் என்று பயந்துதான் பேசாமல் இருந்திருக்கிறாள். மணிக்கட்டு வலியை இவ்வளவு நாள் மறைத்ததும் அதனால்தானாம்.

இன்று கிருஷ்ணகிரியில் எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். எக்ஸ்ரேயில் பெரிய பாதிப்பு இல்லை, ஆனால் ஆறு வாரம் கை ஊன்றக் கூடாது என்றார். சனிக்கிழமை நானும் மனைவியும் போய்ப் பயிற்சியாளரிடம் சாப்பாட்டைப் பற்றியும் பேசப் போகிறோம். டீச்சர், இந்த ஆறு வாரமும் அவளைச் சும்மா உட்கார வைக்கவா?

காவேரிப்பட்டணம் உடற்கல்வி ஆசிரியை எழுதியது:

சும்மா உட்கார வைக்காதீர்கள், ஓசூருக்கும் வழக்கம்போல் அழைத்துப் போங்கள். கை ஊன்றாமல் செய்ய எவ்வளவோ இருக்கிறது. பீமில் நடை, திருப்பம், சின்னத் தாவல்கள், எல்லாம் தாழ்ந்த பீமில். அவள் பலவீனமே பீம்தான் என்றீர்கள், அதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வால்ட்டுக்கு ஓட்டம் மட்டும்: 25 மீட்டர் ஓடுபாதை, ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் அடி வைத்து போர்டு வரை வந்து, நேராக மேலே குதித்து மேட்டில் இறங்கட்டும். வீட்டில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, கால் விரலில் எழும்புவது, மல்லாந்து படுத்து வயிற்றுத் தசைக்கான பயிற்சி. மருத்துவர் அனுமதித்த பிறகும் முதல் வாரமே ஹேண்ட்ஸ்பிரிங் (கை ஊன்றிப் புரண்டு எழும் தாவல்) வேண்டாம், சுவரில் சாய்ந்து எடை ஏற்றுவதிலிருந்து தொடங்குங்கள். இடையில் வலி திரும்பினால் எனக்கு இங்கேயே எழுதுங்கள்.